‘கிறுக்கல்’ என்ற சொல்லின் பொருளும் பிறப்பும்: ஒரு பழைய பேரேட்டை முன்வைத்து

கண்டனூரான்:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். பங்காளிகள் சேர்ந்து எங்கள் பூர்வீக வீடான வளவைச் செப்பனிடத் தொடங்கியிருக்கிறோம். இரண்டாம் கட்டில் நெடுங்காலமாகப் பூட்டிக் கிடந்த அறையிலிருந்து, ஐயாவின் தகப்பனார் காலத்துப் பேரேடுகளும் குறிப்பேடுகளும் ஒரு பெட்டி நிறையக் கிடைத்தன. அவர் மிக இளம் வயதில் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடைத் தொழிலுக்குப் போய், சிற்றேவல் செய்யும் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, மேலாளுக்கு உதவும் அடுத்தாளாக இருந்து, பிறகு கடையை நடத்தும் மேலாளாக உயர்ந்தவர் என்று அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். பெட்டியைத் திறந்து பார்த்த பங்காளிகளில் ஒருவர், “இவையெல்லாம் வெறும் கிறுக்கல், ஒரு வரியைக்கூடப் படிக்க முடியாது, எடைக்குப் போட்டுவிடலாம்” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லவில்லை. ஆயினும் அந்தச் சொல் என்னைத் தைத்தது. எழுத்துக்காகவும் கணக்குக்காகவும் கடல் கடந்து வேலைக்கு எடுக்கப்பட்ட ஒருவருடைய கையெழுத்தைக் கிறுக்கல் என்று சொல்வது தகுமா என்று அன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் சொல்லைப் பற்றியே முதலில் கேட்கிறேன். கிறுக்கல் என்பதற்குச் சரியான பொருள் என்ன? படிக்க முடியாத எழுத்து எல்லாமே கிறுக்கல்தானா, அல்லது ஒருவகை எழுத்தை மட்டும்தான் அச்சொல் குறிக்குமா? சித்தம் கலங்கியவனைக் கிறுக்கன் என்கிறோமே, அந்தக் கிறுக்கும் இந்தக் கிறுக்கலும் ஒரே வேரில் பிறந்தவையா? இதற்கு முன் தமிழில் இப்பொருளுக்கு வேறு சொற்கள் வழங்கினவா?

பேரேட்டின் ஒரு வரியை என் கண்ணுக்குத் தெரிந்தபடியே கீழே எழுதுகிறேன். “பிரமோதூத ளு தை மீ ரு உ ஷையார் வரவு உயருவ”. இதில் ‘பிரமோதூத’, ‘தை’, ‘வரவு’ ஆகியவை மட்டுமே எனக்கு விளங்குகின்றன. ‘உயரு’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அது என்னவென்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

ஏடகம்:

கண்டனூர் அன்பருக்கு வணக்கம். பேரேட்டு வரியைக் கணக்கு எழுதிப் பழகிய ஒருவர் விளக்குவதே முறை. நான் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கிறுக்கல் என்பது ‘கிறுக்கு’ என்னும் வினையோடு ‘அல்’ விகுதி சேர்ந்த தொழிற்பெயர். கீறு என்பதிலிருந்து கீறலும், வறு என்பதிலிருந்து வறுவலும் பிறந்ததைப் போன்ற ஆக்கம்தான் இதுவும். இன்று கிறுக்குதல் என்றால் ஒழுங்கில்லாமல் எழுதுதல் என்ற பொருளே முதலில் மனத்தில் தோன்றுகிறது. ஆனால் பழைய அகராதிகளைப் புரட்டினால் வேறொரு பொருளும் அழுத்தமாக நிற்கிறது. முன்பே எழுதியிருப்பதைக் கோடிட்டு அடித்துவிடுவதும் கிறுக்குதல்தான். “அந்த வரியைக் கிறுக்கிவிட்டு மேலே எழுது” என்று சொல்லும்போது, தெளிவாக இருந்த எழுத்தின்மேல் கோடுகளை இழுத்து அதைப் படிக்க முடியாமல் செய்யும்படி ஒருவரைப் பணிக்கிறோம். ஆகவே கோடிழுக்கும் செயல்தான் இச்சொல்லுக்கு அடிப்படை என்றும், எழுத்து விளங்காமற்போவது அதன் விளைவு என்றும், விளைவே காலப்போக்கில் முதன்மைப் பொருளாகிவிட்டது என்றும் நான் கருதுகிறேன்.

இதே பொருட்பரப்பில் இன்னொரு சொல் ‘கீறு’ ஆகும். மொழியியல் அறிஞர்கள் பரோவும் எமனோவும் தொகுத்து 1961-இல் முதற்பதிப்பும் 1984-இல் திருத்திய பதிப்பும் கண்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகரமுதலியில், தமிழ்க் கீறு என்பது அண்டை மொழிச் சொற்களோடு ஓரிடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கன்னடத்தில் கோடிழுப்பதையும் பிராண்டுவதையும் குறிக்கும் சொல் ஒன்று கீறு என்பதைப் போலவே ஒலிக்கிறது. அவர்கள் கிறுக்குவதைக் ‘கீச்சு’ என்கிறார்கள். தெலுங்கில் கோடிழுத்தல் ‘கீயு’, கோடு ‘கீத’. இவற்றின் முதலெழுத்தை மட்டும் சற்று அழுத்தி, ஆங்கில g போல ஒலிக்க வேண்டும். கோடு, கீறல், கிறுக்கல் ஆகிய மூன்றும் தென்னாட்டு மொழிகளில் இவ்வளவு நெருங்கி நிற்பதைப் பார்த்தால், கிறுக்குதலைக் கீறுதலின் உறவாகக் கொள்வதே பொருத்தம் என்று தோன்றுகிறது. குறிலும் நெடிலும் மாறி வருவதும் தமிழுக்குப் புதிதன்று. பெறு, பேறு என்றும், உறு, ஊறு என்றும் நாம் அன்றாடம் வழங்குகிற இணைகளிலும் இதே நடை காணப்படுகிறது.

கிறுக்கன் என்பதன் பாதை வேறு. தலை சுற்றுவதைக் கிறுகிறுத்தல் என்கிறோம். மயக்கத்தைக் கிறக்கம் என்கிறோம். மனம் மயங்கி நிற்பதைக் கிறங்குதல் என்கிறோம். சித்தம் ஒரு நிலையில் நிற்காமல் சுழல்வதையே இந்தச் சொற்கள் யாவும் குறிக்கின்றன. கிறுக்கு, கிறுக்கன் ஆகியவை இந்தக் குடும்பத்தில் இயல்பாகப் பொருந்துகின்றன. கோடிழுக்கும் கிறுக்கும் சுழலும் கிறுக்கும் ஒலியால் ஒன்றுபோல் ஆகிவிட்ட இரு சொற்கள் என்பதே என் முடிவு.

---

தேவகோட்டை ஆச்சி:

ஏடகம் அவர்கள் எழுதியதை மிகுந்த ஆர்வத்தோடு படித்தேன். வேரைப் பற்றி அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆயினும் பேசுகிறவர்களின் மனத்தில் அந்த இரண்டு சொற்களும் ஒன்றாகவே வாழ்கின்றன என்பதை நான் சொல்லியே ஆகவேண்டும். நான் பல்லாண்டுகள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவள். பிள்ளையின் ஏட்டைப் பார்த்துவிட்டு “என்ன இப்படிக் கிறுக்கி வைத்திருக்கிறாய்” என்று கேட்கும் தாய், எழுத்தின் வடிவத்தை மட்டும் குறை சொல்லவில்லை. எழுதும்போது பிள்ளையின் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதைப் போலவே, அது இப்போது எந்தச் சொல்லின் பக்கத்தில் குடியிருக்கிறது என்பதும் அதன் பொருளில் ஒரு பகுதிதான்.

எங்கள் பக்கத்தில் விளங்காத எழுத்துக்கு வழங்கும் வேறு சொற்களையும் கேளுங்கள். “கோழி கிளறியது போல” என்பது எல்லோர் வாயிலும் வருவது. அதையே சுருக்கிக் ‘கோழிக்கிறுக்கல்’ என்றும் சொல்வார்கள். எவராலும் படிக்க முடியாத எழுத்தைப் ‘பிரம்ம லிபி’ என்று சொல்லும் பெரியவர்களை நான் அறிவேன். பிரம்மன் தலையில் எழுதியதை எவரும் படித்தறிய முடியாது என்ற நம்பிக்கையிலிருந்து வந்த வழக்கு அது. “கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது” என்று சொல்லிக் குழந்தைகளைத் தேற்றும் பழக்கமும் நம்மிடையே உண்டு. எனக்கு இந்தக் கடைசி வழக்கு மட்டும் பிடிப்பதில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டிய வயதில் விதியைக் காட்டிச் சமாதானம் சொல்வது பிள்ளைக்கு நல்லதன்று.

“எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்” என்ற பழமொழியையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பிழை எழுதுகிறவன் கையிலும் இருக்கலாம், படிக்கிறவன் கண்ணிலும் இருக்கலாம் என்பதை இது எவ்வளவு நேர்மையாகப் பங்கிட்டுக் கொடுக்கிறது! கிறுக்கல் என்ற சொல்லோ முழுப் பழியையும் எழுதியவர்மேலேயே போட்டுவிடுகிறது. கண்டனூர்த் தம்பிக்கு மனம் தைத்ததற்குக் காரணம் இதுதான் என்று நான் எண்ணுகிறேன்.

மருத்துவர்களின் மருந்துச்சீட்டை நாம் கிறுக்கல் என்று சொல்லும்போது அந்தப் பழி பொருந்துகிறது. அது இன்றைய எழுத்து. இன்றைய மனிதர் படிப்பதற்காக எழுதப்படுவது. விளங்காவிட்டால் ஓர் உயிருக்கே கேடு வரக்கூடும். மருந்தின் பெயரைத் தெளிவாகவும், கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் குழுமம் 2016-இல் தன் விதிகளில் சேர்த்தது அதனால்தான். உங்கள் பெட்டியில் இருப்பதை அதனோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

---

ஏடகம்:

ஆச்சி அவர்கள் சொல்வதில் பேச்சு வழக்கைப் பற்றிய பகுதியை முழுதும் ஏற்கிறேன். பிறப்பு வேறு, வாழ்வு வேறு. இரண்டு சொற்களும் இன்று ஒன்றையொன்று நிறமேற்றுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நெருக்கத்தையே சான்றாகக் கொண்டு, கிறுக்கன் எழுதியதால்தான் கிறுக்கல் என்று பெயர் வந்தது என்று பிறப்பு வரலாறு சொல்லத் தொடங்கினால், எழுதியதை அடித்துவிடுதல் என்ற பொருளுக்கு அங்கே இடமே இல்லாமற்போகிறது. வரியைக் கோடிட்டு அடிக்கும் கணக்கர் நல்ல தெளிவோடுதான் அதைச் செய்கிறார். அந்த ஒரு பொருளுக்காகவே நான் என் கருத்தில் நிற்கிறேன்.

அன்பர் கேட்ட பழைய சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுதுதல் என்பதற்கே பழந்தமிழில் வரைதல், தீட்டுதல் என்ற பொருள் உண்டு. கண்ணுக்கு மை எழுதினார்கள்; சுவரில் ஓவியம் எழுதினார்கள். ‘வரை’ என்பதும் கோடிழுப்பதையும் எழுதுவதையும் ஒருங்கே குறித்தது. கன்னடத்தில் எழுதுதலை இன்றும் ‘பரெ’ என்றே சொல்கிறார்கள். கல்லிலும் ஓட்டிலும் எழுதுவது ‘பொறித்தல்’. இவை எல்லாம் கோட்டிலிருந்து பிறந்த சொற்கள். எனவே பொருளுள்ள கோட்டுக்கு எழுத்து என்றும், பொருளிழந்த கோட்டுக்குக் கிறுக்கல் என்றும் மொழி பெயர் வைத்திருக்கிறது.

எழுதத் தெரியாதவர் ஆவணத்தில் இட்ட அடையாளத்துக்குத் ‘தற்குறி’ என்று பெயர். தன் குறி என்பதே அதன் பொருள். பிறகு அந்தக் குறியை இடுகிறவரையே தற்குறி என்று அழைக்கலாயினர். இன்று அது வசைச்சொல்லாகவே நிற்கிறது. கிறுக்கல் எழுத்தின் தோற்றத்தைக் குறை சொல்கிறது; தற்குறி எழுத்தறிவே இல்லாமையைக் குறை சொல்கிறது.

வணிகருக்கென்றே ஓர் எழுத்து முறை இருந்ததையும் வணிகக் குடியான நகரத்தார் வீட்டு அன்பர் அறிந்திருக்க வேண்டும். சிலப்பதிகாரத்தில் இந்திர விழவூரெடுத்த காதையில், புகார் நகரத்துப் பண்டசாலையில் கிடந்த மூட்டைகளை இளங்கோவடிகள் “வம்ப மாக்கள் தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி” என்று சொல்கிறார். பொதியின் அளவும் உடையவர் பெயரும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. அந்தக் கண்ணெழுத்தை அறியாத ஒருவர் மூட்டையைப் பார்த்திருந்தால், அவருக்கும் அது வெறும் கோடுகளாகத்தான் தெரிந்திருக்கும். நகரத்தார் தங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருவதால், இந்த வரியை உங்களுக்காகவே எடுத்து எழுதினேன்.

---

புதுவயல் கணக்கர்:

கண்டனூர்த் தம்பிக்கு வாழ்த்துகள். என் தகப்பனார் வெளிநாட்டுக் கடையொன்றில் கணக்கு எழுதியவர். நான் உள்ளூரில் எழுதினேன். பேரேடு படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. நீங்கள் எழுதிக் காட்டிய வரி கிறுக்கல் அன்று. அது மிகவும் ஒழுங்கான, அந்தக் காலத்து முறைப்படி அமைந்த பதிவு. உங்கள் கண் அதிலுள்ள குறிகளை எழுத்துகளாகப் படித்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் ‘உயரு’ என்பதை எடுத்துக்கொள்வோம். அது சொல் அன்று, தொகை. தமிழ் எண்களில் பலவும் உயிர்மெய்யெழுத்துகளையோ உயிரெழுத்துகளையோ ஒத்த வடிவம் கொண்டவை. ஒன்று ‘க’ போலவும், இரண்டு ‘உ’ போலவும், நான்கு ‘ச’ போலவும், ஐந்து ‘ரு’ போலவும், ஏழு ‘எ’ போலவும், எட்டு ‘அ’ போலவும், பத்து ‘ய’ போலவும் இருக்கும். ௨௰௫ என்று எழுதினால் இரண்டு பத்து, அதன்மேல் ஐந்து, அதாவது 25. இதை எழுத்தாகப் படித்தால் ‘உயரு’ என்றுதான் வரும். அவ்வாறே ௪௰௭ என்பதைச் ‘சயஎ’ என்று படித்துவிட்டு, இது எந்த மொழி என்று திகைப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வரியில் இறுதியாக நிற்கும் ‘வ’ கால் என்பதைக் குறிக்கும் பின்னக் குறி. ஆக, தொகை இருபத்தைந்தே கால் ரூபாய். ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால், அது இருபத்தைந்து ரூபாய் நான்கு அணா. 1957 ஏப்ரல் முதல் நாள் புதிய காசு முறை வந்து ரூபாய்க்கு நூறு காசு என்ற கணக்கு நிலைபெறும் வரையில், நம் பின்னக் குறிகளுக்கும் நாணயத்துக்கும் இப்படி ஒரு பொருத்தம் இருந்தது. பதினாறில் ஒரு பங்கான மாகாணி என்பது அப்படியே ஓர் அணா. பழைய வாய்பாட்டு நூலான எண்சுவடியில் கால், அரைக்கால், மாகாணி என்று தொடங்கி, 80-இல் ஒரு பங்கான காணிக்கும் 320-இல் ஒரு பங்கான முந்திரிக்கும் இறங்கி வாய்பாடு சொன்ன பிள்ளைக்கு வட்டிக் கணக்கு போடுவது கடினமாகவே இருந்திராது.

அடுத்தது தேதி. ‘ளு’ என்று நீங்கள் படித்தது வருடத்தைக் குறிக்கும் ௵. ‘மீ’ என்று படித்தது மாதத்தைக் குறிக்கும் ௴. ‘ரு உ’ என்பதில் முன்னது ஐந்து என்னும் எண். பின்னது நாளைக் குறிக்கும் ௳. பிரமோதூத வருடம், தை மாதம், ஐந்தாம் நாள் என்று படிக்க வேண்டும். நீங்கள் சொல்லும் காலத்தை வைத்துப் பார்த்தால் அது 1930 சித்திரையில் பிறந்த பிரமோதூதமாகத்தான் இருக்க வேண்டும்; எனவே அந்தத் தை ஐந்து 1931 ஜனவரியில் வருகிறது.

ஓர் ஏட்டுப் பக்கத்தில் ‘உ’ என்ற வடிவம் எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். தலைப்பில் நின்றால் அது பிள்ளையார் சுழி. தொகையில் நின்றால் இரண்டு. தேதியின் இறுதியில் வால் நீண்டு நின்றால் நாள். உண்டியல் என்ற சொல்லின் தொடக்கத்தில் நின்றால் வெறும் எழுத்து. எழுதியவருக்கு இதில் குழப்பமே இல்லை. ஏனென்றால் எந்த இடத்தில் எது வரும் என்பது பேரேட்டின் அமைப்பிலேயே வரையறுக்கப்பட்டிருக்கிறது. இடத்தை அறியாமல் வடிவத்தை மட்டும் பார்க்கிறவருக்குத்தான் அது விளங்காது.

‘ஷையார்’ என்பதும் அப்படித்தான். மேற்படி என்பதற்கு ௸ என்ற குறி உண்டு. அதன் வடிவம் ‘ஷை’ என்ற எழுத்தைப் போல இருப்பதால், குறியை எழுத்தாகவே படித்து, ‘ஷை’ என்று வாயாலும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பத்திரம் எழுதுகிறவர்கள் இன்றும் “ஷை நபர்” என்று எழுதுவதைக் காணலாம். உங்கள் வரியில் ‘ஷையார்’ என்றால் மேற்படியார். அதாவது இதற்கு முந்தைய வரியில் பெயர் சொல்லப்பட்டவர். இப்போது முழு வரியும் விளங்கும். பிரமோதூத வருடம் தை மாதம் ஐந்தாம் நாள், மேற்படியாரிடமிருந்து வரவு இருபத்தைந்தே கால் ரூபாய். முந்தைய வரியைப் பார்த்தால் ஆளின் பெயரும், பெயருக்கு முன் இடும் தலைப்பெழுத்துகளாகிய விலாசமும் கிடைத்துவிடும்.

இனி எழுத்தின் வடிவத்தைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய வரியில் குறிகளே சிக்கலாக இருந்தன. மற்ற பக்கங்களில் வேறு சிக்கலும் வரும். கணக்கு எழுதிப் பழகிய கை பல இடங்களில் மெய்யெழுத்தின் புள்ளியை விட்டுவிடும். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் விடாது. இவை சோம்பலால் வந்தவை அல்ல. ஓலையில் எழுதிய காலத்துப் பழக்கத்தின் தொடர்ச்சி. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியக்கூடும் என்பதால் சுவடி எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. ‘ர’ என்ற எழுத்துக்கும் நெடிலுக்கு இடும் காலுக்கும் ஓலையில் வேற்றுமை இராது. எகர ஏகாரத்துக்கும், ஒகர ஓகாரத்துக்கும் நாம் இன்று காட்டும் வேற்றுமை, 1680 முதல் 1747 வரை வாழ்ந்த வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தின் பயன். அந்த வேற்றுமை காட்டாத எழுத்தில் ‘கொடி’ என்பதும் ‘கோடி’ என்பதும் ஒன்றுபோலவே தோன்றும். தோட்டத்துக் கணக்கா, சொத்துக் கணக்கா என்று பார்த்துத்தான் எது என்று முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பும் மேலாள், தன் ஏடுகளை முதலாளியின் முன் வைத்து வரிக்கு வரி பொறுப்புச் சொல்ல வேண்டியவர். பற்றையும் வரவையும் தொகுத்துக் காட்டும் ஐந்தொகையில் ஓர் அணா பிசகினாலும் விளக்கம் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஏட்டில் எவரும் கிறுக்க மாட்டார். ஏடகம் ஐயா சொன்ன பழைய பொருளில் வேண்டுமானால் சில வரிகள் கிறுக்கப்பட்டிருக்கும். கடன் தீர்ந்த கணக்கின் குறுக்கே கோடு இழுத்திருப்பார்கள். அந்தக் கோட்டைக் கண்டால் மகிழ்ச்சி அடையுங்கள். யாரோ ஒருவர் கடனிலிருந்து விடுபட்டிருக்கிறார் என்பதே அதன் பொருள்.

---

தேவகோட்டை ஆச்சி:

புதுவயல் ஐயா அவர்களின் விளக்கத்தை என் பேரப்பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ‘ஷை’ என்பது வடசொல் என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள். சுவடியைப் பற்றி அவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஓலையில் எழுத்தாணியால் கீறியவுடன் எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கீறலில் கரியையும் பச்சிலைச் சாற்றையும் தடவித் துடைத்த பிறகே எழுத்து தெளிந்து வரும். அதை ‘மையாடல்’ என்பார்கள். ஆகவே மையாடாத ஓலையும் படிக்க முடியாததுதான். அதை எவரும் கிறுக்கல் என்று சொன்னதில்லை. தஞ்சைச் சரசுவதி மகாலில் மராத்தியர் காலத்தில் மராத்தி மொழியை எழுத வழங்கிய மோடி எழுத்து ஆவணங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. மோடி எழுத்தை அறியாத நமக்கு அவை அலையலையாக ஓடும் கோடுகள். அறிந்தவருக்கு அரண்மனைச் செலவுக் கணக்கு.

---

கண்டனூரான்:

விடையளித்த மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. புதுவயல் ஐயா சொன்னபடியே முந்தைய வரிக்குப் போய்ப் பார்த்தேன். ஒருவருடைய பெயரும், அதற்கு முன் மூன்று தலைப்பெழுத்துகளும் இருக்கின்றன. அந்த விலாசம் எங்கள் பங்காளி வீட்டாருடையதுதான். எடைக்குப் போடலாம் என்று சொன்ன பங்காளியிடமே அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அது அவருடைய ஐயாவின் கணக்கு. இப்போது அவரே அடுத்தடுத்த பக்கங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்.

இன்னும் இரண்டு ஐயங்கள் மட்டும் இருக்கின்றன. இந்த ஏடுகளைக் கணினியில் படியெடுக்கும்போது குறிகளை அப்படியே தட்டச்சு செய்ய முடியுமா? இத்தகைய எழுத்தைக் கிறுக்கல் என்று சொல்லக் கூடாதென்றால், வேறு எப்படிச் சொல்வது?

---

ஏடகம்:

தட்டச்சு செய்ய முடியும். நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய் ஆகியவற்றின் குறிகள் யூனிகோடில் 2003-ஆம் ஆண்டிலேயே தமிழுக்குரிய பகுதியில் சேர்க்கப்பட்டுவிட்டன. பின்னங்களுக்கும் அளவைகளுக்கும் பிறவற்றுக்கும் உரிய 51 குறிகள் 2019-இல் தனிப் பகுதியாகச் சேர்க்கப்பட்டன. எல்லாக் கணினிகளிலும் அவற்றைக் காட்டும் எழுத்துரு இராது என்பதால், குறியை இட்டு, பக்கத்திலேயே ‘கால்’, ‘மாகாணி’ என்று சொல்லாலும் எழுதி வையுங்கள். படியெடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் நேராக வைத்துப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. படித்த வாசகத்தில் ஐயம் வரும்போது மூலத்தோடு ஒப்பிட அது உதவும். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா அவர்கள் ஆயிரக்கணக்கில் திரட்டி வைத்த நூல்களும் இதழ்களும் சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரும் உங்கள் சீமைக்காரர்தான். பெயர்ப்பலகை எழுதும் கலைஞராக எழுத்தின் அழகை அறிந்தவர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிகளுக்கெனத் தனித் துறையே இருக்கிறது. சுவடி ஏதேனும் பெட்டியின் அடியில் இருந்தால் அவர்களிடம் காட்டுங்கள்.

இரண்டாவது ஐயத்துக்குப் புதுச்சொல் ஒன்றைப் படைக்க வேண்டிய தேவை இல்லை. குறிகள் நிறைந்த பக்கத்தைக் ‘குறியீட்டு எழுத்து’ என்றும், புள்ளியும் இடைவெளியும் இல்லாத பக்கத்தைப் ‘பழங்கையெழுத்து’ என்றும் சொன்னால் போதும்.

---

புதுவயல் கணக்கர்:

ஏடகம் ஐயா சொன்ன பெயர்களே போதுமானவை. நாங்கள் கடையில் இதைக் ‘கணக்கெழுத்து’ என்றுதான் சொல்வோம். தம்பி, அடுத்து ஐந்தொகைப் பக்கங்களை எடுத்துப் பாருங்கள். பற்றும் வரவும் எதிரெதிரே நிற்கும். ௶ என்பது பற்று, ௷ என்பது வரவு. கூட்டுத்தொகை இருபுறமும் ஒத்து வந்தால் நீங்கள் குறிகளைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள் என்று கொள்ளலாம். ஒத்து வராவிட்டால், ‘வ’ என்ற கால் குறியை வரவுக் குறியாகப் படித்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.